மெதுவாகப் போகிறவர் முன்னால்

ஆஸ்டின் டவுன், பெங்களூரு
12 அக்டோபர் 2025

பாமா அக்கா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். ராத்திரி ஒன்றரை தாண்டிவிட்டது. போன் சத்தம் போட்டு உங்களை எழுப்பியிருந்தால் அதற்கும் சேர்த்து மன்னிப்பு. பகலில் எழுதலாம் என்று பார்த்தேன், சம்மு விடவில்லை. இப்போதும் மடியில்தான் கிடக்கிறாள். தூங்குகிறாளா, நடிக்கிறாளா தெரியவில்லை. கையை எடுத்தால் கண்ணைத் திறக்கிறாள். ராகேஷுக்கு நைட் ஷிப்ட். எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கேப் எடுத்துப் போயிருக்கிறார்.

டிசம்பர் சைக்கிள் பயணத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று தருண் நம் குழுவில் போட்டிருந்தார். என் பெயர் இல்லை. விட்டுப்போயிருக்கும் என்று அவருக்குப் போன் செய்தேன். கொஞ்சம் இழுத்துவிட்டு, "அக்காதான் எடுத்துட்டாங்க மமதா. கொழந்தை சின்னதாச்சே, உனக்குக் கஷ்டமா இருக்கும்னு" என்றார்.

எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று உங்களிடம் யார் சொன்னது? நான் சொல்லவில்லை. ராகேஷ் சொல்லவில்லை. என் மாமியார் எல்லம்மாகூட சொல்லவில்லை. அவர் சொன்னது இதுதான்: "போறவ போ. கொழந்தைக்கு ராகி ஊத்த அவங்கப்பனுக்குத் தெரியும். திரும்பி வந்து கால் வலிக்குதுன்னு மட்டும் எங்கிட்ட ஒக்காந்து அழுவாத." என் வீட்டில் இதற்குமேல் பெரிய அனுமதி கிடையாது. வீட்டில் கிடைத்ததைக் குழுவில் பிடுங்கிக்கொண்டீர்கள்.

வாட்ஸ்அப்பில் கேட்டிருப்பேன். ஆனால் பாதை சம்பந்தமான எதுவானாலும் முழு வாக்கியமாக மெயிலில் எழுத வேண்டும் என்பது உங்கள் சட்டம். இது பாதை சம்பந்தமானதுதான். ஏனென்றால் என் பெயரை எடுத்த நீங்கள் நான் போட்ட பாதையை எடுக்கவில்லை.

சிர்சியில் தொடங்கி, காட்டுக்குள் இறங்கி, அகநாசினி ஆற்றைத் தாண்டி, கடலோரக் குன்றுகள் வழியாக உங்கள் கும்டாவில் முடிகிற பாதை. அதை எப்படிப் போட்டேன் என்று உங்களிடம் சொன்னதில்லை. சம்மு ஒரு பக்கம் பால் குடித்து முடிப்பதற்குள் ஒரு மலையின் ஏற்றத்தைப் பார்ப்பேன். மறுபக்கம் மாற்றிப் போட்டதும் அதன் இறக்கம். வலது கை அவள் தலைக்கு, இடது கை போனுக்கு. செயற்கைக்கோள் படத்தில் பாக்குத் தோப்புக்கு நடுவே மெல்லிசாக ஒரு கோடு தெரியும். அது சாலையா ஓடையா என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். நிழல் விழுந்தால் சாலை, மின்னினால் ஓடை. நம் ஆட்கள் வெயிலில் காயக் கூடாது என்று மரம் அடர்ந்த பக்கமாகவே வளைத்து வளைத்துக் கொண்டுபோனேன். அந்த மாதங்களில் என்னோடு யாராவது பேச மாட்டார்களா என்று இருந்தது. அந்தப் பாதை பேசியது.

மூன்று வருடம் உங்களோடு ஓட்டியிருக்கிறேன். முதல் நாள் நான் உங்களை மாமி என்று கூப்பிட்டேன். "இன்னொரு தடவை மாமின்னா டயர்ல காத்தைப் பிடுங்கி விட்டுடுவேன்" என்றீர்கள். அன்றிலிருந்து அக்கா. அந்த அக்காவிடம் கேட்கிறேன். என்னைக் கேட்காமல் ஏன் எடுத்தீர்கள்?

மமதா

கும்டா
15 அக்டோபர்

மமதா,

மெயில் வந்தது. நீ எழுப்பவில்லை. நான் விழித்துத்தான் இருந்தேன்.

உன் பாதையைப் போன வாரம் தனியாக ஓட்டிப் பார்த்தேன். முதல் இரண்டு நாள் சரி. நல்ல சாலை. நல்ல நிழல். மூன்றாம் நாள் ஹொளெமக்கி. அங்கே ஆற்றைத் தாண்டிக் கோடு போட்டிருக்கிறாய். பாலம் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. படகுதான். அதுவும் காலையில் மட்டும். நான் போய் நின்றது சாயங்காலம். படகு எதிர்க்கரையில் கட்டிக் கிடந்தது. கூப்பிட்டேன். ஒரு நாய் பதில் சொன்னது.

திரும்பி மலை ஏறினேன். வனத்துறை கேட்டை ஆறு மணிக்கே மூடிவிட்டார்கள். ராத்திரி வனக் காவலர் அறை பெஞ்சில்.

என்னோடு எட்டுப் பேர் வந்திருந்தால்? யோசி.

பாதையை மாற்றிவிட்டேன். டிசம்பரில் தேசிய நெடுஞ்சாலை வழியாகவே போகிறோம். தருண் முன்னால் போவான். உட்கார்ந்த இடத்திலிருந்து போட்ட பாதை இப்படித்தான் இருக்கும். பிரசவத்துக்குப் பிறகு நீ நந்தி மலைகூட ஏறவில்லை. பத்து மாதக் குழந்தை. அடுத்த வருடம் வா.

பாமா

ஆஸ்டின் டவுன்
20 அக்டோபர்

பாமா அக்கா,

இப்போதும் ராத்திரிதான். வேறு நேரம் என்னிடம் இல்லை.

பாலம் என் தப்பு. எப்படி வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். மற்றவர்கள் ஓட்டிய தடங்களை எல்லாம் சேர்த்து வரைபடத்தில் காட்டுவார்களே, நிறையப் பேர் போனால் கோடு பிரகாசமாக இருக்கும், அதை நம்பித்தான் போட்டேன். ஹொளெமக்கியில் கோடு ஆற்றின் மேல் பளிச்சென்று போனது. இவ்வளவு பேர் ஓட்டிப் போயிருக்கிறார்கள், பாலம் இல்லாமலா என்று நினைத்தேன். பெரிதாக்கிப் பார்க்கவில்லை. சம்முவுக்கு அன்றைக்குக் காய்ச்சல். எல்லாரும் சைக்கிளைப் படகில் ஏற்றிவிட்டு, தடம் பதிகிற கருவியை நிறுத்தாமலே அக்கரை போயிருக்கிறார்கள். படகு ஓடியதையும் அது சைக்கிள் ஓடியதாக எழுதிக்கொண்டுவிட்டது. உங்களை ஆற்றங்கரையில் கொண்டுபோய் நிறுத்தியது நான்தான். அதற்கு ஒருமுறை மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டாம் முறை கேட்க மாட்டேன்.

ஏனென்றால் பாதை தப்பில்லை, திசைதான் தப்பு. அந்தப் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. வரைபடத்திலேயே நம்பர் இருந்தது. போன் செய்து கன்னடத்தில் பேசினேன். கடைக்கார அம்மா முதலில் நான் ஏதோ லோன் விற்கிறேன் என்று நினைத்துத் திட்டினார். பிறகு விவரமாகச் சொன்னார். காலையில் படகின் முதல் நடை கடலோரக் கரையிலிருந்து காலியாகப் போகிறதாம், காட்டுப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவர. காலிப் படகு, அக்கா. அதில் நம் சைக்கிள்களை ஏற்றலாம். கும்டாவில் தொடங்கி சிர்சியில் முடித்தால் ஆற்றைக் காலையில் தாண்டிவிடுவோம். அப்புறம் நாள் முழுக்க ஏற்றம். எவ்வளவு மெதுவாக ஏறினாலும் சாயங்காலத்துக்குள் கேட்டைத் தாண்டிவிடலாம். பெங்களூரு ரயிலும் நேராக கும்டாவிலேயே இறக்கிவிடும். பஸ் கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு சிர்சி போகிற கூத்தும் இல்லை.

நெடுஞ்சாலை பத்திரம் என்கிறீர்கள். அங்கே மீன் லாரிகள் எப்படிப் போகும் என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தான்.

அடுத்தது நந்தி மலை. ஞாயிற்றுக்கிழமை ஏறிவிட்டேன். ராகேஷ் சம்முவைக் காரில் வைத்துக்கொண்டு பின்னால் ஊர்ந்து வந்தார். பாதியில் பால் கட்டிக்கொண்டு வலி தாங்கவில்லை. ஒரு வளைவில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து பால் கொடுத்தேன். வெளியே வந்து ஹெல்மெட் மாட்டும்போது காலேஜ் பையன்கள் மூன்று பேர் கடந்து போனார்கள். ஒருவன் நின்று, "ஆன்ட்டி, க்ராம்ப்ஸா?" என்றான். "ஆமாம்பா, ஒம்பது கிலோ க்ராம்ப்ஸ். கார்ல தூங்குது" என்றேன். மறுபடி ஏறினேன். கடைசி வளைவுகளில் ஒரு நடைப்பயணிகூட என்னைத் தாண்டிப் போனார். ஆனால் அந்த வளைவிலிருந்து உச்சிவரை காலைக் கீழே ஊன்றவில்லை.

மெதுவாகத்தான் ஏறினேன். அதை மறைக்கவில்லை. சாலையில் நம் குழுவுக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு: மெதுவாகப் போகிறவர் முன்னால். வேகமாக ஓட்டுகிறவர்கள் பின்னால் வர வேண்டும், அப்போதுதான் யாரும் தனியாக விடுபட மாட்டார்கள். அதைப் போட்டவர் நீங்கள். டிசம்பரில் எல்லாரையும்விட மெதுவாகப் போவது நான். அப்படியென்றால் முன்னால் போக வேண்டியது யார்? தருணா?

கடைசியாக ஒன்று. நீங்கள் எழுதினால் ஒரு வாக்கியம் மல்லேஸ்வரத்தில் தொடங்கி எலக்ட்ரானிக் சிட்டியில் போய் முடியும். போன மெயிலில் நாலு வார்த்தைக்கு ஒரு புள்ளி. முதலில் கோபம் என்று நினைத்தேன். பிறகு என் பழைய மெயில்களை எடுத்துப் பார்த்தேன், சம்மு பிறந்த புதிதில் எழுதியவை. அச்சு அசல் அப்படியே இருக்கின்றன. பத்து மாதமாக ஒரு கையால் எழுதுகிறவள் நான். எனக்குத் தெரியாதா?

எந்தக் கை, அக்கா?

மமதா

கும்டா
21 அக்டோபர்

தருண் சொன்னானா?

பாமா

ஆஸ்டின் டவுன்
21 அக்டோபர்

தருணுக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொல்லவும் இல்லை. எந்தக் கை என்று கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை. கூட யார் இருக்கிறார்கள்? சாப்பாடு யார் செய்கிறார்கள்? ஹொளெமக்கியிலிருந்து திரும்பி ஏறும்போதா விழுந்தீர்கள்? அப்படியானால் என் கோட்டினால்தானே? அதையாவது நேராகச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் இருந்தால் நான் இன்னும் மோசமாக நினைத்துக்கொள்வேன். எனக்கு அந்த வியாதி உண்டு என்று உங்களுக்குத் தெரியும்.

மமதா

கும்டா
26 அக்டோபர்

மமதா,

இதைப் போனில் வாயால் சொல்லி எழுத வைக்கிறேன், ரித்விக் கனடாவிலிருந்து இதைக் கற்றுக்கொடுத்தான், எதற்கு என்று அவனிடம் சொல்லவில்லை, அதனால் நீயும் யாரிடமும் சொல்லாதே, அங்கங்கே தப்பு இருந்தால் அது போனின் தப்பு.

வலது பக்கம் காறை எலும்பு. கேட் மூடிவிடப் போகிறது என்று இருட்டிக்கொண்டு வரும்போது அவசரப்பட்டேன், ஈரமான பாசியில் முன்சக்கரம் வழுக்கியது, அவ்வளவுதான். உன் கோட்டினால் இல்லை, என் அவசரத்தினால். எலும்பு மருத்துவர் ஆறு வாரம் கையைக் கழுத்தில் தொங்கப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், அதற்கப்புறமும் ஜனவரி வரைக்கும் சைக்கிள் கூடாது. பக்கத்து வீட்டு ஐரின் டீச்சர் சாப்பாடு கொடுக்கிறாள், எனக்காக வீட்டில் மீன் சமைப்பதையே நிறுத்திவிட்டாள், பாவம், அவள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

உன் காலிப் படகு நல்ல யோசனை, திசையைத் திருப்பியதும் சரி, அதை நான் மறுக்கவில்லை. நீ முன்னால் போவதைத்தான் மறுக்கிறேன். அந்த விதி புதிதாக வருகிறவர்களுக்காகப் போட்டது, அவர்கள் வெட்கப்படாமல் இருக்கட்டும் என்று. பால் கொடுக்கிற அம்மா ஒவ்வொரு வளைவிலும் நின்றால் எட்டுப் பேரும் அங்கேயே நிற்க வேண்டும், அதற்காகப் போட்டதில்லை.

நீ கோபப்படுவாய், ஆனாலும் சொல்கிறேன். ரித்விக் பிறந்தபோது எங்கள் வீட்டில் என்னை யாரும் தடுக்கவில்லை, அப்பாவுக்கு அரசு வேலை, வீட்டில் எல்லாரும் படித்தவர்கள், தடுப்பது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். நானேதான் நிறுத்தினேன். அவன் ஸ்கூல் போகிற வரைக்கும், அப்புறம் கொஞ்சம் வளர்கிற வரைக்கும் என்று ஒன்பது வருடம் சைக்கிளைத் தொடவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்ப ஏறி உட்கார்ந்தேன், இதோ இருபது வருடமாக ஓட்டுகிறேன். ரோடு எங்கேயும் ஓடிப்போகாது. உன்னைத் தள்ளி வைப்பதாக நினைக்காதே, போய்விட்டுக் குழந்தைக்கு ஏதாவது ஆனால் அப்புறம் நீ வாழ்நாள் முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டிருப்பாய், அந்தப் பாடு உனக்கு வேண்டாம் என்றுதான்.

வேண்டுமானால் நம்மோடு வருகிற சாமான் வண்டியில் வா. குழந்தையோடு முன்சீட்டில் உட்கார்ந்து வழி சொல். உன் பாதைதானே, நீயே சொல்லு. அதுவும் வருவதுதானே?

பாமா

ஆஸ்டின் டவுன்
2 நவம்பர்

பாமா அக்கா,

மறுபடி ராத்திரி. சம்முவுக்கு மேல்பல் வருகிறது. விடிவதற்குள் இதை முடிக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

உங்கள் மெயிலை ராகேஷிடம் படித்துக் காட்டினேன். காறை எலும்பு வரும் இடத்தைத் தவிர. யாரிடமும் சொல்லாதே என்றீர்களே. சாமான் வண்டி என்ற இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். "வண்டி ஓட்ட யாரை வெச்சிருக்காங்க?" என்றார். யாரையும் இன்னும் வைக்கவில்லை என்றேன். "பத்து வருசமா பெங்களூர் ட்ராபிக்ல ஓட்டறேன். ஒரு தடவை காட்ல ஓட்டறேனே" என்றார். லீவு சொல்லிவிட்டார்.

ஆகவே வண்டி இருக்கிறது, ஓட்ட ஆள் இருக்கிறது, சம்மு அதில் இருப்பாள். நான் சைக்கிளில் இருப்பேன். முன்னால்.

நின்றால் எட்டுப் பேரும் நிற்க வேண்டும் என்கிறீர்கள். நிற்கட்டும். ஜாய்சனுக்குப் பஞ்சர் ஆனபோது ஒரு மணி நேரம் நின்றோம். தருண் ஒவ்வொரு நீர்வீழ்ச்சியிலும் போட்டோ எடுக்கும்போது நின்றோம். அப்போதெல்லாம் யாரும் விதிக்கு விளக்கம் சொல்லவில்லை. நான் பால் கொடுக்க நிற்பது மட்டும் ஏன் தாமதக் கணக்கில் வருகிறது? எட்டுப் பேரையும் நானே போன் செய்து கேட்டுவிட்டேன். ஏழு பேர் காட்டு வழிக்கே வருகிறோம் என்றார்கள். தருண் மட்டும் அக்கா சொன்னால்தான் என்கிறார். அவரை நான் குறை சொல்லவில்லை.

பயம் இல்லை என்று நினைக்காதீர்கள். படகில் கார் ஏறாது. நாங்கள் ஆற்றைத் தாண்டும்போது வண்டி நெடுஞ்சாலைக்குத் திரும்பி, சுற்றி, மலை ஏறி வந்து கேட்டில் எங்களைப் பிடிக்க வேண்டும். அந்தக் காலை முழுக்க சம்மு என் கண்ணில் பட மாட்டாள். நெட்வொர்க்கும் கிடையாது. பிறந்ததிலிருந்து அவளை அவ்வளவு நேரம் விட்டதில்லை. வாந்தி எடுத்தால், வளைவுகளில் அழுதால், ராகேஷ் ஓட்டுவாரா, தூக்குவாரா? தினமும் படுத்துக்கொண்டு இதைத்தான் பார்க்கிறேன், வரைபடத்தைப் பார்ப்பது போலப் பெரிதாக்கிப் பெரிதாக்கி. ஆனால் பயத்துக்காக ஒன்றைச் செய்யாமல் விடுகிறவளாக இருந்தால் நான் அவளைப் பெற்றிருக்கவே மாட்டேன்.

ஒன்பது வருடம் என்கிறீர்கள். ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். எனக்குக் கோபம் வரவில்லை, அக்கா. வருத்தமாகத்தான் இருந்தது. உங்களைத் தடுக்க யாரும் இல்லாததால் அந்த வேலையை நீங்களே பார்த்துக்கொண்டீர்கள். இப்போது எனக்கும் அதையே பார்க்க வருகிறீர்கள். வேண்டாம். உங்கள் ஒன்பது வருடத்தை எனக்கு மருந்து மாதிரிக் கொடுக்காதீர்கள், நான் குடிக்க மாட்டேன். ரோடு ஓடிப்போகாது, சரிதான். நான் ஓடிப்போய்விடுவேன். அந்த மாதங்களில் கிட்டத்தட்ட ஓடிப்போய்விட்டேன். பாதை போட்டுத்தான் திரும்பி வந்தேன்.

முன்சீட்டில் உட்காரச் சொன்னீர்கள். அந்த சீட்டில் உட்கார வேண்டியது நான் இல்லை. ஜனவரி வரைக்கும் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று யாரைச் சொன்னார்கள்? ஆற்றங்கரையிலிருந்து கேட் வரைக்கும் சம்முவுக்கு ராகேஷைத் தவிர இன்னொரு ஆள் வேண்டும். அந்த மலைச்சாலையில் பாசி எங்கே இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். எந்த வளைவு என்று உங்களுக்கு நன்றாகவே தெரியும். இடது கை ஒன்று போதும். சம்முவை ஒரு கையால் பிடிப்பது எப்படி என்று நான் சொல்கிறேன், எனக்கு அதில் நல்ல பழக்கம். இருபது வருடம் எல்லாருக்கும் கடைசியில் வந்தீர்கள், யாரும் விடுபடக் கூடாது என்று. இப்போது நீங்கள் விடுபட்டு கும்டாவில் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஐரின் டீச்சரின் வீட்டுக்காரருக்கு மீன் இல்லாமல் செய்துகொண்டு. நம் விதிப்படி அது கூடாது.

ரயில் டிக்கெட் நாளை எடுக்கிறேன். நீங்கள் வேண்டாம் என்றாலும் எடுப்பேன். அப்படியானால் அது உங்கள் குழுவின் பயணமாக இருக்காது, எங்கள் எட்டுப் பேரின் பயணமாக இருக்கும். அதே பாதை, அதே படகு. கும்டா ஸ்டேஷனில் இறங்கி உங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போவோம். நின்று மாமி என்று சத்தம் போட்டுக் கூப்பிடுவேன், தெருவே கேட்கட்டும். டயரில் காற்றைப் பிடுங்க வெளியே வந்துதானே ஆக வேண்டும்.

சம்மு தூங்கிவிட்டாள். இந்தத் தடவை நடிப்பு இல்லை.

முன்சீட் காலியாக இருக்கிறது. வருகிறீர்களா, இல்லையா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

மமதா